போட்டி நிறுவனம்

பிப்ரவரி 6, வெள்ளி

காலையில் பனி, பதினோரு மணிக்கே சுள்ளென்று வெயில். இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். என்னைப் பற்றி நல்லதை மட்டும் எழுதுவதாக இருந்தால் எழுதவே வேண்டாம்.

நாளையும் மறுநாளும் புதுவயலில் பெண்கள் கபடி. நடத்துவது ஊர்க் கமிட்டி. ஸ்பான்சர் பிடித்துக் கொடுத்தது அப்பா. சிங்கப்பூரிலிருந்து வந்து இந்தத் தொழில் தொடங்கிய பிறகு கிடைத்த முதல் பெரிய கம்பெனி. சென்னை. பாக்கெட் அரிசி. (பெயரை இங்கே எழுதக்கூடப் பயம்.) இது நன்றாக நடந்தால் மற்ற ஊர்க் கபடிகளையும் அப்பாவிடமே தருவார்களாம். நடக்காவிட்டால்? சமையலறையில் அம்மா: "இதுவும் போச்சுன்னா திரும்பச் சிங்கப்பூருதான? பிள்ள மூஞ்சியப் பாக்காம இருந்தது போதாதா?" அப்பா ஒப்பந்தத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலம். "மைக்குல பேசுறவுக தெரிஞ்சுக்க வேண்டியத மட்டும் தமிழ்ல ஒரு சீட்டுல எழுதும்மா" என்றார் அப்பா. ஒன்றுதான் முக்கியம்: வேறு எந்த அரிசிக்காரர் பெயரும் மைதானத்தில் கேட்கக் கூடாது. அதுவும் புதுவயலில்! திரும்பின பக்கமெல்லாம் அரிசி மில்.

அகராதி பார்த்து எழுதினேன்: "போட்டி நிறுவனங்களின் பெயரை ஒலிபெருக்கியில் கூறுதல் கூடாது." அப்பா படித்துவிட்டு, "டீச்சரம்மா கணக்கா எழுதிருக்க" என்றார். பெருமையாக இருந்தது.

அறிவியல் ரெக்கார்டு இன்னும் பாக்கி.

பிப்ரவரி 7, சனி

எங்கே தொடங்குவது.

காலையில் அப்பா சீட்டைச் செல்லையா பெரியப்பாவிடம் கொடுத்தார். நாச்சியாபுரத்துக்காரர். இந்தப் பக்கம் எந்தப் போட்டிக்கும் மைக் அவர்தான். கோப்பையில் பெயரைத் தப்பாகப் பொறித்துவிட்டார்கள் என்று ஃபோன். அப்பா உடனே திருப்பத்தூருக்குக் கிளம்பிவிட்டார். நான் மேசையில், வீராங்கனைகளுக்கு நம்பர் துணி கொடுக்கும் வேலை.

கம்பெனி மேடம் வந்தார். பருத்திச் சேலை. கைபேசியை ஸ்டாண்டில் பொருத்தி எல்லாவற்றையும் படம் பிடித்தார். என்ன படிக்கிறாய் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பே பயமாக இருந்தது.

முதல் ஆட்டம் முடிந்தது. இரண்டாவதும். கம்பெனி பெயர் மைக்கில் வரவே இல்லை. மற்றதெல்லாம் வந்தது. காணாமல் போன செருப்பு. அழும் குழந்தை. "நெல்லு லாரியக் குறுக்க நிப்பாட்டுன டிரைவர் எங்கிட்டிருந்தாலும் ஓடி வாங்க! ஆம்புலன்ஸ் போக வழியில்ல, மாடு போகவும் வழியில்ல!"

பிறகு அது: "அருமையா ரெய்டு போன தங்கச்சிக்கு, நம்ம மில் முதலாளி சார்பாக ஒரு சில்வர் அண்டா!" மில்லின் முழுப் பெயரும் சொன்னார். இரண்டு தடவை. விசில். மேடம் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

நம்பர் துணிகளை மேசையிலேயே போட்டேன். மேடை ஏறினேன்.

"பெரியப்பா, கம்பெனி பேரச் சொல்லலையா?"

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "சொல்லக் கூடாதுன்னுதானத்தா எழுதிக் குடுத்துருக்கீக?"

"எங்க?"

"இந்தா. போட்டி நிறுவனம். இந்தப் போட்டிய நடத்துற நிறுவனம். வருமான வரிக்காரவுகளுக்குப் பயந்து அமுக்கமா நடத்துறாக போலன்னு நானும் வாய மூடிக்கிட்டேன்."

"அப்ப மில்லு?"

"அவுக எப்படிப் போட்டி நிறுவனம்? அவுக நம்ம ஊரு ஆளுத்தா!"

போட்டி என்றால் எதிர்த்து நிற்பது. போட்டி என்றால் கபடி. என் பேனாவுக்கு முதலாவது மட்டுமே தெரிந்திருந்தது.

விளக்கிச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. அதன் பிறகு மூச்சுக்கு மூச்சு கம்பெனி பெயர்தான். கூட்டத்தில் ஒருவர் கத்தினார்: "போதும்ணே, வயிறு ரொம்பிருச்சு!" ஒரே சிரிப்பு. மேடம் அதையும் படம் பிடித்தார்.

சாயங்காலம் அப்பா வந்ததும் மேடம் கேட்டார். அப்பா சீட்டைப் பார்த்தார். "எழுதுனது நான்தான் மேடம்."

நான் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

"யாரு எழுதினதுன்னு நான் கேக்கல சார். அண்டா வீடியோல இருக்கு. அதை நான் என்ன பண்றது?"

பிப்ரவரி 8, ஞாயிறு

காற்று. பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் திடுக்.

இன்று பயந்தவை: மைக். மேடத்தின் கைபேசி. மைதானத்தில் எங்கே வெள்ளை வேட்டி அசைந்தாலும், மில் முதலாளியோ என்று.

விடிந்ததும் அப்பா மில் முதலாளி வீட்டுக்குப் போய் இன்று பரிசு எதுவும் அறிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம். "ஏப்பா, என் ஊருல என் பேரச் சொல்லக் கூடாதா? நல்ல கதையா இருக்கே!" என்றாராம். வருவார், சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

இறுதி ஆட்டத்தில், அவர் மில்லில் வேலை பார்ப்பவரின் மகள் ஒரே ரெய்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தாள். முதலாளி எழுந்தே விட்டார். கை சட்டைப் பைக்குப் போனது. அப்பாவைப் பார்த்தார். கைதட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

மேடம் சாப்பிடாமல் கிளம்பினார். "ஹெட் ஆபீஸ்ல பேசிட்டுச் சொல்றேன் சார்."

பிப்ரவரி 9, திங்கள்

பள்ளி. தமிழ் வகுப்பில் பல பொருள் ஒரு சொல். டீச்சர் என்னை எழுப்பி எடுத்துக்காட்டு கேட்டார். தெரியாது என்றேன். நான் தெரியாது என்று சொல்வது புதிதாம், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஃபோன் வரவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

வந்தது. அப்பா வாசலில் நின்று பேசினார். "சரிங்க மேடம். சரிங்க." பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். "பரவால்லங்க மேடம்."

இந்தப் போட்டிக்குப் பேசிய பணத்தில் எதுவும் குறைக்கவில்லையாம். மற்ற ஊர்க் கபடிகளை மதுரைக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

"அப்பா, மேடத்துக்கிட்ட நான் சொல்றேன். நான் எழுதுனதுன்னு."

"வேணாம்டா. படிச்சுப் பாத்து, சரின்னு குடுத்தவன் நான்தான?"

"சிங்கப்பூர் போவீகளா?"

"போய்த் தூங்கு."

இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் சொல்லவில்லை.

இப்போது அடுத்த அறையில் அப்பா யாருக்கோ ஃபோன்: "எப்ப ஆள் எடுக்குறாக?" அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டார். தண்ணீர் மட்டும் ஓடுகிறது. அப்பா மெதுவாகப் பேசுகிறார், எந்த மாதம் என்றார் என்று காதில் விழவில்லை. வைகாசியா, ஆவணியா. அம்மா வந்து, நான் எழுதுவதைப் பார்த்தும் விளக்கை அணைத்துவிட்டார்.