தோப்பு என்று முடியும் ஊர்

மச்சான்,

இன்று காலை திரை முழுக்கப் பச்சை. சோதனை எல்லாம் தேறிவிட்டதாம். சீ, என்ன பச்சை இது!

கடலோர ஊர்களுக்குக் காற்று எச்சரிக்கை அனுப்பும் மென்பொருளைக் கடலூர் ஆபீசில் நாம் இரண்டு பேரும்தான் சோதித்தோம். மெசேஜ் போக வேண்டிய ஊர்ப் பட்டியல் ஒரு பக்கம், உண்மையில் போன பட்டியல் மறுபக்கம். இரண்டும் ஒன்றா என்று மெஷினே பார்த்துச் சொல்லும். ஒருநாள் ‘தோப்பு’ என்று முடியும் ஓர் ஊர் மட்டும் சிவப்பில் நின்றது. பார்த்தால் இரண்டு பக்கமும் அதே பெயர். நீ வீட்டுக்குப் போகும் சிதம்பரம் பஸ்ஸையும் விட்டுவிட்டு நோண்டினாய். ‘தோ’வை ஒரு பக்கம் ஒரே எழுத்தாக அடித்திருந்தார்கள், மறுபக்கம் கொம்பும் காலும் தனித்தனி.

“கண்ணுக்கு ஒண்ணு, மெஷினுக்கு ரெண்டு. கருமம்டா!” என்று சிரித்தாய்.

எழுத்தை ஒரே முறைக்குக் கொண்டுவந்து, ஊர் ஊராக ஒப்பிட வைத்தாய். “வரிசை மாறுனா மாறிட்டுப் போவுது மச்சான். ஊரு வுட்டுப்போவக் கூடாது.”

மஞ்சள் காமாலையில் நீ செத்துப்போன பிறகு புதுப் பட்டியல் வந்தது. உன் சோதனை சிவப்புக் காட்டியது. “ஊர் ஊரா யாருப்பா பாக்குறது? எண்ணிக்கை சரியா இருந்தா பச்சைன்னு போட்டுடு” என்றார் மேனேஜர். என் கையால்தான் போட்டேன். அந்தப் பட்டியலில் அந்தத் தோப்பு ஊர் இரண்டு விதமாகவும் அடிக்கப்பட்டு இரண்டு ஊராகியிருந்தது. உன் ஊரோ விடுபட்டுவிட்டது. எண்ணிக்கை மட்டும் கச்சிதம்.

போன வாரம் காற்று அடித்தது. உன் ஊருக்கு மெசேஜ் போகவில்லை. படகு கவிழ்ந்து, கை ஒடிந்து, எப்படியோ கரை சேர்ந்தார் உன் அப்பா. பார்க்கப் போனேன்.

“மெசேஜ் வரல, காத்து இருக்காதுன்னு நம்பிப் போனேன் தம்பி. எம் புள்ள செஞ்சதாச்சே. அவன்தான் எங்கியோ தப்பு பண்ணிட்டான் போலருக்கு” என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டே உங்கள் வீட்டு மீன்குழம்பையும் தின்றுவிட்டு வந்தேன். தூ, நானும் ஒரு ஆளா?

இப்போதுதான் உன் பழைய சோதனையைத் திரும்ப வைத்தேன். சிவப்பில் உன் ஊர்ப் பெயர், பக்கத்தில் ‘வரவில்லை’. பட்டியலில் ஊரைச் சேர்த்துவிட்டேன். மேனேஜர் கத்துகிறார், கத்தட்டும். சிதம்பரம் பஸ் ஏறப்போகிறேன். உன் அப்பாவிடம் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன்:

“உங்க புள்ள தப்பு பண்ணல மாமா. அவன் வச்சது சரியாத்தான் கத்துச்சி. நான்தான் அது வாயப் பொத்துனேன்.”