பஸ்ஸில் ஓதிய கிரேக்கம்

கீரனூர்
14.10.2024

கைப்பேசியைத் துறந்து கன்னியர் மடம் புகுந்து, கிரேக்கத்தைத் தத்தெடுத்த மருமகள் அடைக்கலமேரிக்கு,

தாய்மாமன் சின்னப்பன் எழுதிக்கொள்வது. நலம். என் நாக்கு மட்டும் நலமில்லை. நீ தபாலில் கற்றுத்தரும் கிரேக்கத்தின் வினைச்சொல் வாய்பாட்டில் ஏழெட்டு இடத்தில் சுளுக்கிக்கொண்டது. நீ சொன்னபடியே, வேலைக்குப் போகும் திருச்சி பஸ்ஸில் தினமும் சத்தமாகச் சொல்லிப் பழகுகிறேன். லூவோ, லூவெயிஸ், லூவெய். அவிழ்க்கிறேன், அவிழ்க்கிறாய், அவிழ்க்கிறான். நான் குரலெடுத்தால் காவிரி மீன்கள் எழுந்து நிற்கின்றன. கண்டக்டர் சாட்சி.

போன வாரம் செவந்தி என்று ஒரு பெண், சித்தாள் வேலைக்குப் போகிறவள், இடுப்பில் பிள்ளையோடு அருகில் வந்து நின்றாள். அவளுடைய மூன்று வயதுப் பாப்பா நாயைக் கண்டு பயந்து தூக்கத்தில் அலறுகிறதாம். நான் மந்திரம் சொல்வதாக நினைத்து, பாப்பாவுக்கு ஓதிவிடச் சொன்னாள். மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். பஸ்ஸே என்னைப் பார்த்தது. உன் மாமன் பாப்பாவின் தலையில் கைவைத்து லூவோவை எட்டுக் கட்டையில் முழங்கிவிட்டான். அன்று பாப்பா அலறாமல் தூங்கியதாம். அதிலிருந்து எனக்கு ஜன்னல் சீட்டு தானாகக் காலியாகிறது.

இன்று பாப்பாவுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. மூன்று நாள் ஓதினால் இறங்கிவிடும் என்கிறாள் செவந்தி. ஒரு நாள் ஓதியாயிற்று. டாக்டரிடம் காட்டு என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

இப்படிக்கு,
கீரனூர் முதல் ஏதென்ஸ் வரை கிடுகிடுக்க வைக்கும்
உன் மாமா


பெங்களூரு
17.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பாதிவரை சிரித்துக்கொண்டே மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிப் பத்திக்கு வந்ததும் கடிதத்தை மடித்துவிட்டேன்.

மடத்துத் தலைவியிடம் கெஞ்சி உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. அதனால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லி, பாப்பாவை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். சொன்னால் பஸ்ஸில் மானம் போகும். சொல்லாவிட்டால் என்ன போகும் என்று எழுதக் கை வரவில்லை.

சத்தமாகச் சொல்லுங்கள் என்றவள் நான். ஜெபத்திலும் அந்தப் பாப்பாதான் வருகிறது. பயமாக இருக்கிறது மாமா.

அன்புடன்,
அடைக்கலம்


ஆஸ்பத்திரி வராந்தா, திருச்சி
19.10.2024

அடைக்கலம்,

உன் கடிதம் வருவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. மூன்றாம் நாள் ஓதியபோது சூடு இறங்கியிருந்தது. பஸ்ஸே என்னைக் கும்பிட்டது. மறுநாள் பாப்பா ரத்தமாக வாந்தி எடுத்து மயங்கிவிட்டது. டெங்கு. இதில் சூடு இறங்கும்போதுதான் ஆபத்தே தொடங்குமாம், நர்ஸ் சொன்னாள். தீவிரப் பிரிவில் கிடக்கிறது. தெரியாத நம்பரிலிருந்து வந்த போன்களைச் செவந்தியோ என்று பயந்துதான் எடுக்கவில்லை.

இன்று உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். செவந்தி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். “உள்ள விடமாட்டேங்குறாங்க. கண்ணாடிக்கு இங்கிட்டு நின்னாவது ஓதுங்கய்யா” என்றாள்.

“அது மந்திரம் இல்லம்மா. கிரேக்கப் பாடம். நான் படிக்கிறது.”

கையை விட்டுவிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“அப்ப மூணு நாளா எம் புள்ள தலையில கைய வச்சுக்கிட்டுப் பாடமாங்கய்யா படிச்சீங்க?”

அவ்வளவுதான் கேட்டாள். கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே கதவு திறக்கிற சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்கிறேன். யாராவது அழுகிறார்களா என்று காது மட்டும் கேட்கிறது.

சின்னப்பன்


கீரனூர்
3.11.2024

அன்புள்ள அடைக்கலத்துக்கு,

பாப்பா பிழைத்துவிட்டது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று நர்ஸ் சொல்லித்தான் தெரியும். செவந்தி என்னிடம் பேசுவதில்லை. அவள் ஏறுகிற பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்கு நிற்கிறேன். வேலை பார்க்கும் கடையில் தாமதத்துக்குத் திட்டு விழுகிறது. விழட்டும்.

நீ அனுப்பிய மூலப் பாடம் நேற்று வந்தது. மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது ஒரு கிரேக்கத் தாய் தன் அண்ணனுக்கு எழுதிய பழங்கடிதம். வாய்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் படிக்கிறேன். இரண்டு வரிக்கு ஒரு பொழுது ஆகிறது. வினைச்சொற்களுக்கு ஓரத்தில் பொருள் எழுதியிருக்கிறாய். ஒவ்வொன்றையும் பத்துத் தடவை எழுதிப் பார்த்தால்தான் மண்டையில் நிற்கிறது.

எஃபொபேதேன், பயந்தேன். அந்த ஒன்றை மட்டும் எழுதிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மாமா