ஒரே நாளில் பிடிக்க முடியாத கரண்ட்

என் பெரியக்காவுக்கு, கொழும்பில் ஒரு வாடகை அறையிலிருந்து தம்பி எழுதுவது.

உனக்கு வந்த மார்புக் கட்டி இப்போது நம் தங்கை சின்னவளுக்கும் வந்திருக்கிறது. வன்னியில், தர்மபுரத்தில் நாங்கள் புறப்பட்டபோது அத்தான்தான் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றார். நீ பார்த்திருந்தால் அவரை வெளியே துரத்தியிருப்பாய்.

சின்னவள் லேசில் வரவில்லை. "அக்காவைக் கரண்ட்தான் எரிச்சுக் கொன்றது. நான் வரமாட்டன்" என்று ஒரே பிடியாக நின்றாள். புற்றுக்குக் கொடுக்கும் கதிர்ச் சிகிச்சையைத்தானே நாம் கரண்ட் என்கிறோம்; ஊரில் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

வன்னியிலிருந்து நாள் குறித்த பயணப் பாஸ் எடுத்து வெளியே வருகிறவர்கள் சவர்க்காரம், பற்றரி, பல்லுப் பிடுங்குவது என்று எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் முடிப்பார்கள். நீயும் டொக்டரிடம் அப்படித்தான் கேட்டாய்: "ஐயா, பாஸ் முடியுது. மிச்சக் கரண்டையும் இண்டைக்கே பிடிச்சு விடுங்கோ." அவர் மறுத்தார். வரும் வழியெல்லாம் அவரைத் திட்டினாய். பிறகு சண்டையில் பாதையைப் பூட்டிவிட்டார்கள். மிச்சம் மிச்சமாகவே போயிற்று.

அன்று அவர் ஏன் மறுத்தார் என்று இங்குள்ள டொக்டர் அம்மாவிடம் கேட்டேன்.

"கரண்ட் கலத்துக்குள்ள இருக்கிற டீ.என்.ஏ. இழையை அறுக்கும். அறுந்ததைத் திருத்துறதுக்கெண்டு புரதங்கள் இருக்கு. நல்ல கலம் அடுத்த நாளுக்குள்ள திருத்தி எழும்பிடும். புற்றுக் கலத்துக்கு அந்த வேலை பெரும்பாலும் சரிவராது. அதாலதான் கொஞ்சம் கொஞ்சமாப் பிடிக்கிறம்."

"எல்லாத்தையும் ஒரே நாளில பிடிச்சால்?"

"நல்ல சதையும் தாங்காது."

"பாதியில விட்டால்?"

"தப்பின புற்றுக் கலம் திரும்பப் பெருகும்."

உனக்கு நடந்தது அதுதானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாதாம். எனக்கு அழுகை வரவில்லை அக்கா, கோபம்தான் வந்தது. யார்மேல் கோபப்படுவது?

சின்னவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள். "அப்ப என்னை நடுவில கூட்டிக்கொண்டு போகமாட்டீங்கள்தானே, அண்ணா?"

வெள்ளிக்கிழமையோடு எங்கள் பாஸ் முடிகிறது. அவளுக்குக் கரண்ட் இன்னும் முடியவில்லை. நாள் நீட்டித் தரக் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை. பாஸ் முடிந்தும் இங்கே நிற்கிறேன் என்று பொலிஸ் வந்தால் என்னைக் கொண்டுபோகட்டும். அவளைக் கூட்டிப்போகச் சொல்லி, இந்த அறையை வாடகைக்குத் தந்த பெண்ணுக்கு ஆஸ்பத்திரி வழியைக் காட்டி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை, நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நம் சின்னவள் அந்த மெசினுக்குக் கீழே படுத்திருப்பாள்.

உன் தம்பி,
யூட்