இணைப்பு: துப்பாக்கி வடிவம் ஒன்று

6 அக்டோபர் 2025, திங்கள்

காலையில் மிக்ஸிக்குப் பல்சக்கரம் இரண்டு, டிராவல்ஸ்காரருக்குச் சாவிக்கொத்து பன்னிரண்டு. உத்திரமேரூர் கடைத்தெருவில் த்ரீ-டி பிரிண்டர் வைத்திருப்பது நான் ஒருத்திதான். அதனால் கடைக்குப் பாதிப் பேர் ஜெராக்ஸ் எடுக்க வருகிறார்கள், மீதிப் பேர் வேடிக்கை பார்க்க.

மத்தியானம் காவாந்தண்டலத்திலிருந்து பாஞ்சாலி அத்தை வந்தாள். அப்பாவுக்கு அக்கா. மாட்டுத் தீவனம் நறுக்கும் மெஷினில் இடது கையில் மூன்று விரல் போய் ஆறு மாதமாகிறது. நடவில் இடது கைதான் நாற்றுக் கட்டான முடியைப் பிடிக்கும், வலது கை பிரித்து நடும். பிடிக்க முடியாதவளை முனியம்மாள் தன் நடவு ஆட்களில் சேர்க்க மாட்டாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. ஒருத்தி பின்தங்கினால் வரிசையே நிற்கும்.

"நவம்பர் மூணாந் தேதி நடவு. அதுக்குள்ள கை வந்துச்சின்னா வா, இல்லன்னா ஆட்ட மேச்சிக்கினு கெடன்னு சொல்லிட்டாடி" என்றாள் அத்தை. கை என்ன, கூரியரிலா வரும்?

நான் செய்கிறேன் என்று அளவு எடுத்துக்கொண்டேன். மணிக்கட்டில் ஒரு பட்டை, உள்ளங்கையில் ஒரு கவ்வி. நாற்றுக்கை என்று பெயர்கூட வைத்துவிட்டேன். பெயர் வைப்பதில் மட்டும் எனக்குக் குறைச்சலே இல்லை.

9 அக்டோபர்

என்னைக் கேட்காமலே ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். 'அச்சு இயந்திர உரிமையாளர்கள் – நவீனக் கருவிகள் கண்காணிப்புப் பிரிவு.' இப்படி ஒரு பிரிவு இருப்பதே இன்றுதான் தெரியும். மொத்தம் நாற்பத்து மூன்று கடைக்காரர்கள். இத்தனை பேரிடம் இந்த மெஷின் இருக்கிறதா!

இணையத்தில் துப்பாக்கி வரைபடம் சுற்றுகிறதாம், அதை வீட்டிலேயே அச்சடிக்கலாமாம். தடுக்க வேண்டியதுதான். எனக்கு அதில் ஒரு மறுப்பும் இல்லை.

10 அக்டோபர்

சுற்றறிக்கை வந்துவிட்டது. "இணைப்பில் கண்டுள்ள துப்பாக்கி வடிவக் கோப்பினை எவரும் பதிவிறக்கவோ, வைத்திருக்கவோ, பகிரவோ கூடாது."

கீழே – இணைப்பு: மேற்படி கோப்பு 1.

சும்மா எழுதவில்லை. நிஜமாகவே இணைத்திருக்கிறார்கள்!

பிரிவில் உதவியாளராக இருக்கும் ஸ்ரீனிக்குப் போன் செய்தேன்.

"மேடம், இணைப்பு இல்லாம போனா எதைத் தடை பண்றோம்னு தெரியலைன்னு மேல இருந்து திருப்பி அனுப்பிடுவா. போன வருஷம் ஒரு கடிதம் மூணு தடவை திரும்பிடுத்து."

"இவ்ளோ நாள் எங்கிட்ட இல்லாத துப்பாக்கி இப்ப எங்கிட்ட இருக்கே சார்?"

"கிடைச்சதுன்னு ஒரு ஒப்புதல் மட்டும் போட்டுடுங்கோ, மேடம்."

போட்டேன். நாற்பத்து மூன்று பேரும் போட்டோம்.

13 அக்டோபர்

முதல் நாற்றுக்கை. கவ்வி அதிக இறுக்கம், நாற்று நசுங்குகிறது. கொத்தமல்லிக் கட்டை வைத்துப் பார்த்ததில் வீட்டில் இன்று துவையல்.

14 அக்டோபர்

இப்போது சான்று கேட்கிறார்கள். "மேற்படி கோப்பு என்னிடம் இல்லை, ஒருபோதும் இருந்ததில்லை." கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

நான் அடித்துத் திருத்தி எழுதினேன்: "10ஆம் தேதி தாங்கள் அனுப்பியதால் இருந்தது. இன்று காலை அழித்துவிட்டேன்." எழுதியதும் ஒரே பெருமை. அரிச்சந்திரனுக்கே நான்தான் பக்கத்து வீடு என்கிற மாதிரி கடையில் உட்கார்ந்திருந்தேன்.

16 அக்டோபர்

ஜீப் வந்தது. ஒரு பெரிய சார், பின்னால் ஸ்ரீனி, வெள்ளைத் துணி, அரக்கு, மெழுகுவத்தி.

கோப்பை வைத்திருந்ததாக எழுத்து மூலம் ஒப்புக்கொண்ட ஒரே ஆள் நானாம். மற்ற நாற்பத்திரண்டு பேரிடமும் ஒருபோதும் இருந்ததில்லை. அவர்களுடைய ஒப்புதல்கள் என் போனில், அதே குழுவில், வரிசையாக இருக்கின்றன. அதைக் காட்டினேன். "அது வேற சப்ஜெக்ட்" என்றார் பெரிய சார்.

மெஷினைத் துணியால் மூடி அரக்கு வைக்கும்போது கடைக்குப் பின்னால் கரும்புக் கொல்லையில் டமார் என்று ஒரு சத்தம். பெரிய சார் மேசைக்குக் கீழே பாதி போய்விட்டார்.

"என்னம்மா அது?"

"பன்னி வெரட்டுற பைப்பு சார். கார்பைடு போட்டு வெடிக்கறது."

"பிரிண்டர்ல அடிச்சதா?"

"இல்ல சார். பைப்புக் கடைல வாங்கி ஒட்டுனது."

"அப்ப சரி" என்றார்.

ஜீப்பின் முன்சீட்டில் ஒரு பையிலிருந்து தீபாவளிப் பொட்டுத் துப்பாக்கி எட்டிப் பார்த்தது. பேரனுக்காம்.

அப்ப சரியாம். இன்னா சரி? பாதி அடிச்ச நாத்துக்கை அந்தத் துணிக்குள்ளயே கீது. இன்னும் பதினெட்டு நாள்தான். நான் அத்தைக்கு இன்னா பதில் சொல்லுவேன்?

18 அக்டோபர்

அத்தையிடமிருந்து இரண்டு முறை போன். எடுக்கவில்லை.

21 அக்டோபர்

தீபாவளிப் பலகாரத்தோடு அத்தையே வந்துவிட்டாள். அரக்கைப் பார்த்தாள்.

"துப்பாக்கியாடி செஞ்ச?"

"இல்ல அத்த."

"பின்ன இன்னாத்துக்குப் பூட்டிக்கினு பூட்டான்?"

"அவங்க அனுப்புனது வந்துச்சின்னு எழுதிக் குடுத்தேன்."

அதிரசத்தை மேசைமேல் வைத்தாள். "எல்லாரும் மாதிரி நீயும் இல்லன்னு எழுதித் தொலச்சிருக்கலாம் இல்ல" என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உண்மையை எழுதிய பெருமை எனக்கு. ஆடு மேய்க்கப் போவது அத்தை. அழுகை வந்தது. அதிரசத்தைத் தின்றுகொண்டே அழுதேன்.

23 அக்டோபர்

பிரிவு அலுவலகத்துக்குப் போனேன். புதிதாகச் சான்று தருகிறேன், நீங்கள் சொன்னபடியே ஒருபோதும் இருந்ததில்லை என்று எழுதுகிறேன் என்றேன். ஆமாம், பொய் சொல்லத் தயாராகத்தான் போனேன்.

"முதல் கடிதம் ஃபைல்ல ஏறிடுத்தே மேடம்" என்றார் ஸ்ரீனி. அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம். "இனிமே விசாரணைக் குழு போட்டு, அவா அறிக்கை குடுக்கணும்."

"எப்ப சார் போடுவாங்க?"

"குழு போடறதுக்கு ஒரு குழு இருக்கு. அது ஜனவரில கூடும்."

திரும்பும்போது பஸ்ஸில் போனைப் பார்த்தேன். குழுவில் பழையசீவரம் வேதகிரி என்பவர்: "சார், தடை செய்யப்பட்ட கோப்பு என் போனில் திறக்கவில்லை. மறுபடி அனுப்பவும்." பிரிவிலிருந்து மறுபடி அனுப்பியிருந்தார்கள். உடனே இன்னும் ஆறு பேர், எங்களுக்கும் திறக்கவில்லை என்று.

இதே குழுவில் மெஷினை எப்படித் துடைப்பது என்று போன வாரம் ஒருவர் நல்ல குறிப்பு போட்டிருந்தார். அதை ஒரு ஆள்கூடப் பார்க்கவில்லை.

25 அக்டோபர்

இரண்டு நாளாக யோசித்து, கடைசியில் குழுவில் போட்டுவிட்டேன். அவர்களுடைய சுற்றறிக்கையை முன்னால் வைத்துக்கொண்டு அதே நடையில்:

"பார்வை: 10ஆம் தேதிச் சுற்றறிக்கை. இணைப்பில் கண்டுள்ள நாற்றுக்கை வடிவக் கோப்பினை எவரும் பதிவிறக்கவோ, பச்சை நிறத்தில் அச்சிடவோ, நவம்பர் 1க்குள் கீழ்க்கண்ட முகவரிக்கு அனுப்பவோ கூடாது. பெற்றுக்கொண்டமைக்கு ஒப்புதல் அளிக்கவும். இணைப்பு: 1."

கீழே என் கடை முகவரி, ஷாரோன் என்று கையெழுத்து.

சாயங்காலத்துக்குள் நாற்பது ஒப்புதல். அதில் ஒன்று ஸ்ரீனியுடையது.

27 அக்டோபர்

வேதகிரி போன் செய்தார். "சிஸ்டர், நீங்க கூடாதுன்னு போட்டத அடிச்சிட்டேன். இன்னாதிது, மாடு கட்டற கவ்வியா?" சொன்னேன். "கவ்விக்குள்ள ரப்பர் ஒட்டித் தரட்டுமா? நாத்து நசுங்காது" என்றார். பதினைந்து நாளாக எனக்கு இது தோன்றவில்லையே! ரப்பருக்கு இடம் விட்டுத் திருத்திய வடிவத்தையும் ராத்திரியே குழுவில் போட்டுவிட்டார்.

1 நவம்பர்

கூரியரில் கை வந்தது. ஒன்றல்ல, பதினொன்று. ஏனாத்தூரில் ஒரு மாணவி பச்சை தீர்ந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்டுக் கறுப்பில் அனுப்பியிருக்கிறாள்.

கூரியர்காரர், "இன்னாக்கா, மூணு நாளா ஒரே கையா வருது" என்றார்.

3 நவம்பர், திங்கள்

கடையைச் சாத்திவிட்டுக் காவாந்தண்டலம் போனேன். வேதகிரியின் ரப்பர் வைத்த கைதான் சரியாக உட்கார்ந்தது. முனியம்மாள் சேற்றில் நின்றபடியே கவ்வியிலிருந்த நாற்று முடியைப் பிடித்து மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. "ஓரமா நில்லு, பாக்கலாம்" என்றாள்.

முதல் கால் மணி நேரம் அத்தை பின்தங்கினாள். என்னால் பார்க்க முடியவில்லை, வரப்பில் திரும்பி நின்றுகொண்டேன். மறுபடி பார்க்கும்போது அவள் வரிசையில் இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் முனியம்மாள் அவளை ஓரத்திலிருந்து நடுவுக்கு மாற்றினாள்.

"இத எவன்டி கூடாதுன்னு சொன்னான்?" என்றாள் அத்தை, கையைக் கழுவிக்கொண்டே.

"நாந்தான் அத்த."

"நல்லா சொன்ன. மீதி பத்து கை கீதுன்ன இல்ல, திருப்புலிவனத்துல ரெண்டு பேரு கேக்கறாளுங்க."

5 நவம்பர்

மெஷின்மேல் அரக்கு அப்படியே இருக்கிறது. இன்று ஜெராக்ஸ் மட்டும்.

மாலையில் பிரிவிலிருந்து புதுச் சுற்றறிக்கை. அனுமதியின்றிப் பகிரப்பட்ட நாற்றுக்கை வடிவக் கோப்பினை எவரும் வைத்திருக்கக் கூடாதாம். நகல், எல்லா மாவட்டங்களுக்கும்.

கீழே – இணைப்பு: மேற்படி கோப்பு 1.

திறந்து பார்த்தேன். ரப்பர் வைத்த புது வடிவத்தைத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

கிடைத்தது என்று ஒப்புதல் போட்டேன்.