ஒரே இடத்தில் மூன்று சுற்று

அன்பு மனைவிக்கு,

நீயும் குட்டியும் சுகமா? உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் சௌகரியம், இடது இடுப்பு மட்டும் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது, பயப்படாதே.

சறுக்கு அரங்கின் பனித்தரையை வண்டி ஓட்டி வழவழப்பாக்குவதுதான் என் வேலை. சறுக்குக் காலணியோடு பனிமேல் நின்ற இடத்திலேயே மூன்று சுற்று சுற்றிக் காட்டினால், சிறுவர்களுக்குக் கற்றுத்தரும் வேலை தருவார்களாம். அதில் வருடத்துக்கு ஒரு மாதம் ஊருக்கு வர விடுப்பு உண்டு. நான் சுற்றினால் தலையும் சேர்ந்து சுற்றுகிறது. கால் நகர்ந்து, பனியில் விழும் கோடு வாசல்வரை போய், அங்கே நானும் விழுகிறேன். பிறகு அவமானத்தை நானே வண்டி ஓட்டி அழித்துவிடுகிறேன்.

நேற்று பயிற்சியாளர் அம்மா பார்த்துவிட்டார்.

“என்னங்க, கையைப் பருந்து மாதிரி விரிச்சிட்டு? நெஞ்சோட சேர்த்து வைங்க. வீட்டுக்காரம்மாவைக் கட்டிப்பிடிச்சதே இல்லையா?”

“ரெண்டு வருஷமாச்சு மேடம், மறந்துபோச்சு.”

“அப்ப ஞாபகப்படுத்திக்குங்க.”

ஞாபகப்படுத்திக்கொண்டேன். நான்கு சுற்று, நின்ற இடத்திலேயே. பயிற்சியாளர் அம்மா அந்த வேலைக்கு என் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டார். பனியில் விழுந்த அந்த வட்டத்தை மட்டும் அழிக்காமல் விட்டேன். மேலாளர் கேட்டால் வண்டியில் கோளாறு என்பேன்.

தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்பச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அனுப்பாதே. வந்து எடுத்துக்கொள்கிறேன்.

பனித்தரையில் வண்டி ஓட்ட நேரமாகிவிட்டது.

உன்னவன்