ஆற்றைத் தாண்டும் காட்சி

மார்ச் 3, திங்கள்
நாள் முழுக்க மழை. நான்கு கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தேன். எத்தனை சோப்பு போட்டும் கையில் கிரீஸ் வாடை போகவில்லை. உள்ளே நுழைந்ததும் பாப்பா கேட்டாள்: "அம்மா இன்னைக்குப் பேசினாங்களா?" டாக்டர் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கார் என்றேன். என் மனைவி இறந்து ஐம்பத்தெட்டு நாள். ஆறு வயதுப் பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது?

மார்ச் 8, சனி
சின்ன வயதில் நான் பார்த்துப் பார்த்துத் தேய்த்த கரடிக்குட்டி கார்ட்டூன் படத்தைப் பாப்பாவுக்குப் போட்டேன். வசனமெல்லாம் மனப்பாடம். அம்மாக் கரடி குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கும். அடுத்து குட்டி பழம் தின்னும். எனக்குத் தெரிந்த கதை அதுதான்.

ஆனால் — குட்டியைக் கரையில் தள்ளிவிட்டு அம்மா வெள்ளத்தோடு போய்விடுகிறது. குட்டி நின்று கூப்பிடுகிறது. கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இதை நான் பார்த்ததே இல்லை! எங்கள் வீட்டு கேசட்டில் அந்த இடம் வந்தால் அப்பா எழுந்துபோய்ப் பட்டனை அழுத்தி ஓட்டிவிடுவார். "இங்க டேப் கெட்டுப்போச்சுடா." அந்த அம்மா மலைக்குப் பின்னால் எங்கோ காத்திருக்கிறது என்றே முப்பது வருஷம் நம்பியிருக்கிறேன்.

ரிமோட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. பாப்பா திரையை விட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 9
அப்பாவுக்குப் போன் செய்தேன். டேப் கெட்டுப்போகவே இல்லையாம். "நீ அழுவேன்னுதான்..." என்று தொடங்கி நிறுத்தினார். "உங்கம்மா அப்ப ஆபரேஷனுக்குப் போயிருந்தாடா. நீ தைரியமாத்தான் இருந்த. எனக்குத்தான் பாக்க முடியல."

அம்மா ஒரு மாதத்தில் வீடு திரும்பினாள். அப்பாவின் பொய் தப்பித்துக்கொண்டது. என்னுடையது?

மார்ச் 11
பத்தாம் மாடிக்கும் பதினொன்றுக்கும் நடுவே லிஃப்டில் ஒரு பெரியம்மா மாட்டிக்கொண்டார். "அஞ்சே நிமிஷம்மா" என்று கதவிடுக்கில் ஏழெட்டு முறை சொல்லியிருப்பேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்தவர் திட்டவில்லை. "மொதல்லயே முக்கா மணின்னு சொல்லியிருந்தா தரையில உக்காந்திருப்பேன்ல தம்பி? இதோ அதோன்னு கால் கடுக்க நின்னுட்டேன்."

மார்ச் 12
சொல்லிவிட்டேன்.

மார்ச் 13
நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. பள்ளி விட்டு வந்தவளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். "அம்மா செத்துப்போயிட்டாங்கடா கண்ணு. ஆஸ்பத்திரியில இல்ல. நான் பொய் சொன்னேன்."

அவள் அழவில்லை. "எப்ப?"

"நீ அத்தை வீட்ல இருந்தப்ப."

யோசித்தாள். "அப்ப நான் தினமும் அம்மா போனுக்கு வாய்ஸ் மெசேஜ் பேசி அனுப்பினதெல்லாம் யாரு கேட்டா?"

"நான்தான்."

"அது உங்களுக்கு இல்ல!"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவ சொல்றது சரிதானே. என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன் நான்...

மார்ச் 15
என்னோடு பேச்சில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுகிறாள். அத்தையிடம் மட்டும் போனில் அழுதாளாம். அழுதாளே, அதுவரைக்கும் சரி.

மார்ச் 17, திங்கள்
காலையில் சீப்போடு வந்து எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இத்தனை நாளும் பக்கத்து வீட்டு அக்காதான் பின்னிவிடுவார். அவள் அம்மா பின்னுவது போல உச்சியிலிருந்தே எடுத்துப் பின்னப் பார்த்தேன். முடி நழுவி நழுவிப் போயிற்று.

"அம்மா மாதிரி வேணாம்ப்பா," என்றாள். "உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி பின்னுங்க."

ஒரு பக்கம் தடியாக, ஒரு பக்கம் எலிவால். கண்ணாடி முன் வெகுநேரம் நின்றாள். அவிழ்க்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.