சுமேர் தீவானின் அம்மா

கண்டாலா
9 ஜனவரி 1971

மதிப்புக்குரிய வத்சலா ஜீ,

ஆதாப். வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே? சூரி சேட் என்னை இந்த மலை ஓட்டலில் கொண்டுவந்து அடைத்துவிட்டார். வசனம் முடியும்வரை பம்பாய்ப் பக்கம் தலைகாட்டக் கூடாதாம். பட முதலாளிகளுக்கு எழுத்தாளன் மேல் அவ்வளவு நம்பிக்கை. வேளாவேளைக்குச் சாப்பாடு வருகிறது, பேச்சுத்துணைக்குத்தான் ஆள் இல்லை.

படத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஸன்யால் டைரக்ட் செய்கிறார். கதை இதுதான்: ஒரு மில் முதலாளி. சின்ன வயதில் தான் செய்த திருட்டை அப்பா தலையில் கட்டி, கோர்ட்டில் அவருக்கு எதிராகவே சாட்சி சொன்னவன். அப்பா ஜெயிலிலேயே செத்துப்போனார். பல வருஷம் கழித்து மகன் மனம் மாறி, அம்மாவின் காலில் வந்து விழுகிறான். அம்மா மன்னிக்க மறுத்துவிடுகிறாள். அந்த அம்மா நீங்கள்தான். வேறு முகம் எனக்குத் தோன்றவில்லை.

மகன் யார் என்று கேட்பீர்கள். சுமேர் தீவான். தயவுசெய்து கடிதத்தைக் கிழித்துவிடாதீர்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
ஷஃபீக் கித்வாய்

தாதர், பம்பாய்
14 ஜனவரி 1971

அன்புள்ள ஷஃபீக் சாஹேப்,

நமஸ்காரம். கிழிக்கவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது மாதவுக்கு வாசித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரர் பேங்கில் வேலை பார்ப்பவர், எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துத்தான் பார்ப்பார். சோற்றில் பருப்பை ஊற்றிக்கொண்டே, "உன் புள்ளைக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி. வீட்டுக்கு வந்தா நான் அவரை என்னன்னு கூப்பிடறது?" என்று கேட்டார்.

சுமேரும் நானும் மகாபலேஷ்வரில் சுற்றாத மரம் பாக்கி இல்லை. அவருக்கு நான் காதலியாக இருந்தேன், மனைவியாக இருந்தேன், போன படத்துக்கு முந்தின படத்தில் அண்ணி ஆனேன். இப்போது அம்மா. இதே வேகத்தில் போனால் அவர் தொட்டிலுக்குப் போய்ச் சேருவார், நான் சுடுகாட்டுக்கு.

அம்மா வேஷம் எனக்குப் புதிதல்ல. தையல் மிஷின் மிதித்திருக்கிறேன். டாக்டர் வரும்வரை இருமியிருக்கிறேன். காரட் அல்வா கிண்ணத்தோடு வாசலில் நின்றிருக்கிறேன். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன், ஒன்றைத் தவிர. எந்தப் படமானாலும் கடைசியில் நான்தான் மன்னிக்க வேண்டும். குடிகாரனை மன்னித்தேன், கொலைகாரனை மன்னித்தேன், பெண்டாட்டியைத் தெருவில் தள்ளியவனை மன்னித்து அவனுக்கு வெற்றித் திலகமும் வைத்தேன். மன்னித்து மன்னித்து அலுத்துவிட்டது, சாஹேப்.

இவள் மறுக்கிறாள் என்றீர்களே, அதற்காகவே வருகிறேன். நரைமுடி வைத்துக்கொள்கிறேன், சுமேர் என்னை "மா" என்று கூப்பிட்டால் "என்னப்பா" என்கிறேன். ஆனால் அந்தக் காட்சியில் இவள் மன்னிக்கக் கூடாது. இதற்கு நீங்கள் வாக்குக் கொடுத்தால் போதும், சூரி சேட்டிடம் வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

அன்புடன்
வத்சலா கார்க்கானிஸ்

கண்டாலா
18 ஜனவரி 1971

வத்சலா ஜீ,

வாக்குக் கொடுத்தேன். என் பேனா மேல் சத்தியம். நீங்கள் வருவதாகச் சொன்னதும் ஓட்டல் பையன்களுக்கெல்லாம் என் செலவில் சமோசா வாங்கிக் கொடுத்தேன். எதற்கென்று அவர்களுக்கும் தெரியாது.

ஷஃபீக்

தாதர்
3 மார்ச் 1971

அன்புள்ள ஷஃபீக் சாஹேப்,

உங்கள் வசனத்தை மனப்பாடம் செய்யச் செய்ய வாய் இனிக்கிறது. லக்னோக்காரர் எழுதியதை இந்த மராட்டிக்காரி பேசுகிறேன், ஸன்யால் பாபு வங்காளியில் தலையாட்டுகிறார். எப்படியோ இந்திப் படம் தயாராகிறது.

செட்டுச் செய்தி சொல்கிறேன். காலையில் ஒப்பனை அறையில் எனக்குத் தலையில் வெள்ளை பூசுகிறார்கள், பக்கத்து நாற்காலியில் சுமேருக்குக் கறுப்பு பூசுகிறார்கள். நேற்று ஆசீர்வாதக் காட்சி. ஓடிவந்து என் காலைத் தொட்டவர் அப்படியே நின்றுவிட்டார். நானும் கையை அவர் தலையில் வைத்துக்கொண்டு, நடிப்பில் மூழ்கிவிட்டார் போலிருக்கிறது என்று காத்திருந்தேன். கீழேயிருந்து மெதுவாகக் குரல் வந்தது: "வத்சலா, முதுகு புடிச்சுக்கிச்சு. யாருக்கும் தெரியாம தூக்கிவிடு."

தூக்கிவிட்டேன். பழகிய மனுஷர், பாவமாகத்தான் இருந்தது. கெட்டவர் என்று நான் சொல்லவே மாட்டேன். கண்ணாடியில் தன்னைத் தவிர வேறு யாரும் அவருக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

நம் காட்சி அடுத்த வாரம். வீட்டில் பேசிப் பார்க்கிறேன். மாதவைக் காலில் விழச் சொன்னால், "பேங்க்லயே நாள் முழுக்க விழுந்துட்டுத்தான் வரேன்" என்கிறார். ஷூட்டிங் பார்க்க வருகிறீர்கள் அல்லவா? நீங்கள் எதிரே நின்றால் எனக்கு இன்னும் நன்றாக வரும்.

அன்புடன்
வத்சலா

கண்டாலா
10 மார்ச் 1971

வத்சலா ஜீ,

இதைக் கம்பெனி காரில் வசனத்தாளோடு சேர்த்து அனுப்புகிறேன். முதலில் கடிதத்தைப் படியுங்கள், தாளைப் பிறகு பாருங்கள்.

சுமேர் நேற்று இங்கே வந்தார். சூரி சேட்டும் கூட வந்தார். "ஷஃபீக் பாய், நான் காலைத் தொட்டும் ஒருத்தி மன்னிக்கலன்னா ஜனங்க என்னை என்னன்னு நினைப்பாங்க? அப்புறம் படத்துல யாரு ஹீரோ, அந்த அம்மாவா?" என்றார் சுமேர். அம்மா மகனைத் தூக்கி நிறுத்தி, "தப்பு உன்மேல இல்லடா, உன்னைச் சரியா வளர்க்காத என்மேலதான். நீதான் என்னை மன்னிக்கணும்" என்று சொல்ல வேண்டுமாம். இல்லாவிட்டால் படத்தையே விட்டுவிடுவாராம்.

நான் வாதாடினேன். போதுமான அளவு வாதாடினேன் என்று சொல்ல மாட்டேன். எழுதிக் கொடுத்துவிட்டேன். ஷூட்டிங்குக்கு வரவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை.

ஷஃபீக்

தாதர்
12 மார்ச் 1971

ஷஃபீக் சாஹேப்,

தாள் கிடைத்தது. கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒப்பனை அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். வேஷத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போனால் ஒரு செட் முழுவதற்கும் அன்று கூலி கிடையாது. அதனால் பேசினேன்.

முதலில் சுமேரின் க்ளோசப் எடுத்தார்கள். காமிராவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அவருக்கு அழுகை வரும்வரை அந்த வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். வந்துவிட்டது, நன்றாகவே அழுதார். பிறகு என் க்ளோசப்புக்கு லைட்டைத் திருப்பும்போது அவருக்கு வேறு ஸ்டுடியோவில் ஷிஃப்ட் இருப்பது ஞாபகம் வந்துவிட்டது. காரில் ஏறிப் போய்விட்டார். அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு லைட் ஸ்டாண்டை வைத்து, அதன்மேல் அவருடைய கோட்டை மாட்டினார்கள். நான் அந்தக் கோட்டிடம் மன்னிப்புக் கேட்டேன்.

உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். நன்றாகத்தான் செய்தேன். லைட் பாய்கள் மேலே இருந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வாய் உங்கள் வசனத்தைச் சொன்னது, கண் ஒத்துக்கொள்ளவே இல்லை. அதைப் பார்த்துத்தான் அவர்கள் அழுதார்கள்.

என்மேல் தப்பாம். வளர்த்தது தப்பாம். உங்களுக்கு எப்படி எழுத மனசு வந்தது? சுமேர் கேட்டதில் எனக்குக் கோபமில்லை, அவர் கேட்பார். நீங்கள் கொடுத்தீர்களே, அதுதான் ஆறவில்லை.

வத்சலா

கண்டாலா
26 ஏப்ரல் 1971

வத்சலா ஜீ,

நீங்கள் பதில் எழுத மாட்டீர்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன். வேலை முடிந்தும் பம்பாய் வரத் தைரியம் இல்லாமல் இங்கேயே இருக்கிறேன். டப்பிங்குக்குப் போகும் முன் இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எடிட்டிங் அறையில் சுமேர் உங்கள் க்ளோசப்பைப் பார்த்திருக்கிறார். "வாய் மன்னிப்புக் கேக்குது, கண்ணு அறையற மாதிரி இருக்கே. இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டாராம். இப்போது காட்சி முழுக்க அவர் முகம்தான். உங்கள் தோளும் கொண்டையும் ஓரத்தில் தெரியும், அவ்வளவுதான். ஸன்யால் போன் செய்து அழாத குறையாகச் சொன்னார். நீங்கள் டப்பிங்குக்கு வரவில்லையென்றால் வேறு குரல் வைத்துவிடுவார்களாம். அதையாவது விட்டுக்கொடுக்காதீர்கள்.

வெட்கத்துடன்
ஷஃபீக்

தாதர்
4 மே 1971

ஷஃபீக் சாஹேப்,

போனேன். நடந்ததை உங்களுக்கு எழுத வேண்டியதில்லைதான். ஆனால் வசனம் உங்கள் பெயரில் வரப்போகிறது, அதனால் தெரிந்துகொள்ளுங்கள்.

மத்தியானம் டப்பிங் தியேட்டரில் ஸன்யால் பாபுவும் ஒலிப்பதிவு செய்யும் மங்கேஷும் மட்டும்தான் இருந்தார்கள். சுமேர் தன் பங்கை முந்தின நாளே பேசி முடித்துவிட்டார். திரையில் அவர் முகம் உள்ள அந்தத் துண்டு திரும்பத் திரும்ப ஓடியது. நீங்கள் சொன்ன தோளையும் கொண்டையையும் பார்த்தேன். நான்கைந்து தடவை பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது.

"ஸன்யால் பாபு, என் உதடு எங்கே?" என்று கேட்டேன்.

"மன்னிச்சிருங்க தீதி, வெட்டிட்டாங்க."

"வருத்தப்படலப்பா, கேக்கறேன். உதட்டுக்குப் பொருந்தணும்னுதானே தாள்ல இருக்கறதை எழுத்து விடாம பேசறோம்? உதடே இல்லன்னா நான் எதுக்குப் பொருந்தணும்?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மங்கேஷ் சிரிக்கிறான். "எதுக்கும் பொருந்த வேண்டாம் மேடம். அவரு அழ ஆரம்பிக்கறதுக்குள்ள முடிச்சுட்டா போதும்" என்றான். ஸன்யால் பாபு எழுந்து போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். செட்டில் அவருக்கு இல்லாத தைரியம் எங்கிருந்து வந்ததோ, "லைட்டை அணைங்க, டேக் போகலாம்" என்றார்.

நீங்கள் முதலில் எழுதியதைப் பேசவில்லை. அது நல்ல வசனம், ஆனால் பேனா பிடித்தவனின் கோபம் அதில் இருந்தது. இத்தனை மாதம் அந்த அம்மாவோடு குடித்தனம் நடத்தியவள் நான். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரிந்தது. மகன் காலில் கிடக்கிறான், அவன் சொல்வதையெல்லாம் இவள் கேட்டுக்கொள்கிறாள், பிறகு மெதுவாகச் சொல்கிறாள்:

"உங்கப்பா சாப்பிடாமத்தான் போனாரு. நீ சாப்பிட்டுட்டுப் போ."

அவ்வளவுதான். மீதி இடத்தில் மூச்சு மட்டும் விட்டேன். திரையில் சுமேர் அழத் தொடங்கினார். நிம்மதியில் அழுத அதே அழுகைதான், சாஹேப். இப்போது பார்த்தால் வெட்கத்தில் அழுவதுபோல் இருக்கிறது. ஒரே டேக்கில் முடிந்தது.

என் முகத்தை எடுத்துவிட்டு என் வாயைக் கட்டிவைக்க மறந்துவிட்டார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் மாதவுக்குப் பிடித்த மாம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். பயமாக இல்லை. ரொம்ப நாளைக்கப்புறம் வேலை பார்த்த மாதிரி இருந்தது.

வத்சலா

கண்டாலா
21 மே 1971

வத்சலா ஜீ,

படம் வெளிவருமுன் போடும் சோதனைக் காட்சிக்கு அம்மாக்களை யாரும் கூப்பிடுவதில்லை, அதனால் நான் சொல்கிறேன். நேற்று பம்பாய் வந்து பார்த்துவிட்டு, அன்றைக்கே திரும்பிவிட்டேன்.

அந்த இடம் வந்ததும் திரையை விட்டுவிட்டு மற்றவர்கள் முகத்தைப் பார்த்தேன். உங்கள் குரல் வந்தது. சூரி சேட் கைக்குட்டையைத் தேடினார். படம் முடிந்து விளக்குப் போட்டதும் சுமேர் எழுந்து எங்கள் பக்கம் திரும்பினார். "இந்த வசனத்தை யாரு மாத்தினது?" என்றார். அவர் சூரி சேட்டின் தோளில் தட்டினார். "பாத்தீங்களா, அழற இடத்துல ஒரு வார்த்தை பேசாம என்னமா நடிச்சிருக்கேன். வெட்கத்தை முகத்துல கொண்டுவர்றது சாமானியமில்ல. அம்மா ரொம்பப் பேசக் கூடாதுன்னு நான்தான் முதல்லேர்ந்தே சொல்லிட்டிருந்தேன்" என்றார். இனி அந்தக் காட்சியில் கை வைக்க அவரே விடமாட்டார்.

சூரி சேட் என் கையைப் பிடித்து, "என்ன எழுத்துய்யா" என்றார். "நான் எழுதல. வத்சலா ஜீ சொன்னது" என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். இவ்வளவு நாள் கழித்து இதையாவது செய்தேன்.

சூரி சேட்டின் அடுத்த படத்துக்கும் நானே எழுத வேண்டுமாம், அதிலும் நீங்கள் சுமேருக்கு அம்மா. அதற்கு நான் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். இங்கே உட்கார்ந்து ஒரு கதையை ஆரம்பித்திருக்கிறேன். இவ்வளவு பெரிய படத்தில் அந்த அம்மாவை ஒருவர்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்பது நேற்றுத்தான் என் மண்டையில் ஏறியது. நான் ஒரு பெயரே வைக்கவில்லை. இவளுக்கு வைத்திருக்கிறேன். துர்கா ஸாட்டே, ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர், உங்கள் வயது. மகன் கிடையாது.

வாசிக்க உங்களுக்கு மனம் இருந்தால் ஒவ்வொரு பகுதியாகத் தபாலில் அனுப்புகிறேன். என்னை மன்னியுங்கள் என்று எழுத வந்தேன். உங்களிடம் அதைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

ஷஃபீக்

தாதர்
25 மே 1971

அன்புள்ள ஷஃபீக் சாஹேப்,

டாக்டர் துர்கா ஸாட்டேவுக்கு என் நமஸ்காரம். அந்தப் பெயரை வாசித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். மாதவிடம் சொன்னேன். "புள்ளை இல்லையா, அப்பாடா" என்றார்.

ஆனால் தபாலில் அனுப்ப வேண்டாம். கடிதத்தில் உங்களைப்போல் நல்லவர் கிடையாது, சாஹேப். வாக்குக் கொடுத்தது கடிதத்தில், அதை மீறியது கடிதத்தில், வெட்கப்பட்டது, பாராட்டியது எல்லாமே கடிதத்தில். ஷூட்டிங்குக்கு வரவில்லை, டப்பிங்குக்கு வரவில்லை, படம் பார்த்த அன்று தாதரைத் தாண்டித்தான் ரயிலில் போயிருக்கிறீர்கள், இறங்கவில்லை. சுமேரின் கோட்டைப் பார்த்துக்கூட நடித்துவிட்டேன். இனி காகிதத்தோடு சிநேகம் வைத்துக்கொள்ள என்னால் ஆகாது. அடுத்த கடிதத்தை நான் பிரிக்கப் போவதில்லை.

கதையை இங்கே வந்து எழுதுங்கள். எங்கள் சாப்பாட்டு மேஜை பெரியது, பகல் முழுக்கச் சும்மாதான் கிடக்கிறது. ஒரு பக்கம் முடிந்ததும் என் முகத்தைப் பார்த்து வாசியுங்கள். யாராவது மாற்றச் சொன்னால் மாற்றுங்கள், ஆனால் அதையும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மாற்றுங்கள்.

திங்கட்கிழமை மாதவ் ஆபீஸ் போனதும் மேஜையைத் துடைத்து வைக்கிறேன்.

வத்சலா